கதவில்லாத அறை

அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது மேடம். செல்போனில் பார்ப்பது வேறு. அந்த வீட்டுக்காரர்கள் செத்துப் பல நூறு வருஷம் ஆகிவிட்டது. யாரும் திரும்பி என்னைப் பார்க்க மாட்டார்கள்.

ஓர் அருங்காட்சியகத்தின் இணையதளம் அது. விரலால் தள்ளிக்கொண்டே அந்தக் காலத்து வீடுகளுக்குள் நடக்கலாம். கூடத்தின் நடுவில் அடுப்பு, புகைபோக்கி கிடையாது. ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் எண்ணெய் தடவிய துணி. ஒரே கட்டிலில் குடும்பம் முழுக்கப் படுத்துக்கொள்ளும். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"இன்னைக்கு எந்த மகாராணி வீட்டுல குடியிருக்க?" என்பாள் அக்கா.

"மகாராணி இல்லக்கா. தோல் பதனிடுறவர் வீடு."

"நல்லவேளை, போன்ல நாத்தம் வராது. எந்திரிச்சு வந்து சாப்பிடு."

அவளிடம் மட்டும்தான் எனக்குப் பேச்சு வரும். உங்களுக்கும் அதனால்தான் எழுதிக் காட்டுகிறேன். வகுப்பில் டீச்சர் எழுப்பிவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒன்பதாவதோடு நின்றதற்கு வேறு காரணம் இல்லை. கடை, ஆஸ்பத்திரி, சிலிண்டர்காரர் எல்லாவற்றுக்கும் அக்காதான். "என் தங்கச்சிக்கும் வாய் இருக்கு, சாப்பாட்டுக்கு மட்டும்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பாள். அம்மா இல்லை. அப்பா கொத்தனார், வெளியூர் போனால் கட்டடம் முடிந்துதான் திரும்புவார்.

அக்காவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. "இனிமே நீயே பேசிப் பழகுடி. எத்தனை நாளைக்கு நான் உனக்கு நாக்கா இருக்கிறது?" என்றாள். நியாயமான கேள்விதான்.

அந்த வாரம் இணையதளத்தில் ஓர் அறையைப் பார்த்தேன். தேவாலயச் சுவரை ஒட்டிய சின்ன அறை. ஒரு பெண் உள்ளே போனதும் வாசலைக் கல் வைத்து அடைத்துவிடுவார்களாம். சாப்பாடு கொடுக்க ஒரு ஜன்னல் இருக்கும். சாகும்வரை அவள் அங்கேயே இருப்பாள். ஆறுதல் தேடி ஊரே அந்த ஜன்னலுக்கு வருமாம். படிக்கப் படிக்க மனசு நிம்மதியானது.

எங்கள் சாமான் அறைக்கும் சந்துப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. கம்பிக்கு நடுவே தட்டைச் சாய்த்தால் நுழையும். குளியலறைக்கு வாங்கிய செங்கல்லும் சிமென்ட்டும் கொல்லையில் மீதி கிடந்தன. போர்வை, வாளி, தண்ணீர்க் குடம் எல்லாம் முதலிலேயே உள்ளே வைத்துவிட்டேன். அக்கா பெட்டி அடுக்க அந்த அறைக்குள் போனபோது வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

"விளையாடாதடி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சிரித்தாள். கரணை உரசும் சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றது. கொத்தனார் மகள் அல்லவா, அவளுக்கா தெரியாது. நான் அவசரப்படவில்லை. கல்லை நனைத்துத்தான் வைக்க வேண்டும். காய்ந்த கல் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும். கதவு மறைந்ததும் பூசி, வெள்ளையும் அடித்தேன்.

கத்தினாள்தான். பக்கத்தில் மாவு மில், பின்னால் ஆளில்லாத கிடங்கு. கூடத்தில் சார்ஜில் கிடந்த அவள் போனிலிருந்து அப்பாவுக்கு, "வந்து சேர்ந்துட்டேன்பா" என்று செய்தி அனுப்பினேன். வேளை தவறாமல் சாப்பாடு கொடுத்தேன். சாயங்காலம் ஜன்னலடியில் உட்கார்ந்து பழைய வீடுகளைப் பற்றிச் சொல்வேன். அழுதுகொண்டே கேட்பாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. "மாத்திரையாவது வாங்கிட்டு வாடி. என்னால நிக்க முடியல" என்றாள். உடனே போனேன். மருந்துக்கடைக்காரர், "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். திரும்பி வந்துவிட்டேன். மறுநாளும் போனேன். அன்றும் வாய் திறக்கவில்லை.

அதன்பின் தட்டு அப்படியே இருந்தது, அவளும் பேசவில்லை. தேவாலய அறைகளில் இருந்த அந்தப் பெண்கள் உண்ணாமல், பேசாமல் விரதம் இருப்பார்களாம். தொந்தரவு செய்யக் கூடாது என்று விட்டுவிட்டேன். அப்பா வந்து புதுப் பூச்சைத் தடவிப் பார்த்தார். கைவேலை யாருடையது என்று தெரிந்துவிட்டது. கடப்பாரையை எடுத்தார்.

நீங்கள் கேட்பது புரிகிறது. அந்தப் பெண்கள் விரும்பித்தான் உள்ளே போனார்கள் என்று இணையதளத்திலேயே போட்டிருக்கிறது. அதை நான் படிக்காமல் இல்லை. தாழ்ப்பாள் போடும் முன் வாசலில் நின்று, "என்கூடவே இருந்துடுறியாக்கா?" என்று கேட்டேன். வாயில் ஹேர்பின்னைக் கவ்வியபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல் "ம்" என்றாள்.

அவள் சம்மதம் இல்லாமல் ஒரு கல்கூட வைத்திருக்க மாட்டேன் மேடம்.