பின்சக்கரமும் திரும்பும் வீடு

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு தம்பதி.

“வீட்டுக்குப் பின்சக்கரமும் திரும்பும்” என்றார் கணவர், மடியில் ஒரு வரைபடத்தை விரித்து.

“எந்த வீட்டுக்கு?”

“டிரெய்லர் வீடு. வண்டியில இழுத்துக்கிட்டே ஊர் ஊராப் போய் அதுலயே குடியிருக்கலாம். பின்சக்கரமும் திரும்பினாத்தான் சந்துல வளைக்க முடியும். அடுத்த வாரம் லால்குடி பட்டறையில வேலை ஆரம்பிக்கிறாங்க.”

அந்த அம்மா படத்தை வாங்கிப் பார்த்தார்.

“என்னங்க இது, ஒத்தைக் கட்டில்தான் இருக்கு?”

“நீ வரமாட்டேன்னு நெனச்சேன்.”

“என்னைக் கேட்டீங்களா?”

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. “கேக்கலை” என்றார் கணவர்.

அந்த அம்மா படத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

“பட்டறைக்கு நானும் வரேன்.”