பனி அள்ளும் பாடம்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கிறார்களாம். மனைவியின் மடியில் இரண்டு கிறிஸ்தவ அறிவியல் புத்தகங்கள். ஒன்று அமெரிக்காவில் அச்சானது, மற்றது சென்னையில்.

“அமெரிக்கா புக்கே இருக்கட்டும் எஸ்தர். பக்கத்துக்குப் பக்கம் வசனம் போட்டிருக்கான்.”

“மொதல் பாடத்துலயே, வாசல்ல விழுந்திருக்கிற பனியை ஒரு வாளி அள்ளிட்டு வான்னு போட்டிருக்கான். இந்த வெயில்ல நான் எங்கங்க போய் அள்ளுறது?”

“ஐஸ் வண்டிக்காரர்கிட்ட வாங்கிக்கலாம்.”

“சேமியா ஐஸா? பசங்க பாடத்தைத் தின்னுட்டுப் போயிடுவாங்க.”

“அப்ப ஜெபம் பண்ணுவோம். கர்த்தரால ஆகாதது இல்ல.”

“பண்ணுங்க. அவர் பனியை அனுப்புற வரைக்கும் நான் சென்னை புக்கை நடத்துறேன். அதுல மொதல் பாடம் வேர்வை. அதுக்கு ஜெபமே வேணாம்.”