கராத்தே அருவா

“இன்னிக்கு பிரவுன் பெல்ட்டு பரிச்சை. கராத்தே அருவாவுக்கு எவனாச்சும் சாணை புடிப்பானாடி?”

சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வெள்ளைக் கராத்தே உடையில், கராத்தேயில் சுழற்றும் சிறு அருவாளைக் கையில் வைத்திருந்தார். அந்த அம்மா கூடையோடு புல்லறுக்கக் கிளம்பியிருந்தார்.

“மொண்ணையா கெடந்துச்சு மாமா. பரிச்சைன்னியேன்னு பட்டறையில குடுத்து தீட்டிக்கினு வந்தேன்.”

“அது மொண்ணையாத்தான் இருக்கணும். கழுத்தச் சுத்தி சொழட்டணும்டி! கூரா இருந்தா மாஸ்டர் உள்ளயே வுடமாட்டாரு.”

“அப்போ ஜப்பான்ல மொண்ணை அருவாவ வெச்சிக்கினு இன்னாத்த அறுக்கிறாங்க?”

“இது அறுக்கறதுக்கு இல்ல, பழகறதுக்கு. மூணு வருசமா கத்துக்கினது இன்னிக்கு வீணாப்போச்சு.”

அந்த அம்மா கணவரின் அருவாளை வாங்கித் தன் கூடையில் போட்டுக்கொண்டு, அதிலிருந்த இன்னொரு அருவாளை எடுத்து நீட்டினார்.

“இத எடுத்துக்கினு போ. உன் கழுத்த இன்னா, கோரப்புல்லக்கூட இது அறுக்காது. நாலு மாசமா தீட்டித் தரேன், தரேன்னு சொல்லிக்கினு கீறியே, அந்த வூட்டு அருவாதான்.”