கங்காணியின் நடைப்பயிற்சி

"மலை ஏறி எறங்குற சனத்துக்கு உடற்பயிற்சிப் பாடம் வேறயா?" எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போய், உடற்கல்வி படிக்கிறேன் என்றபோது எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் இப்படிக் கேட்டார்.

போன வாரம் ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கி ஓய்வு பெற்ற கங்காணி ஒருவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏங்க, மறதிக்கு நல்லது, தெனமும் நடங்கன்னுதானே டாக்டர் சொன்னாரு. தோட்டத்துலயே நடந்தா என்ன?"

"சும்மா கைய வீசிக்கிட்டு நடந்தா, பென்சன் எடுத்தும் ஆள் வெரட்ட வந்துட்டாருன்னு கொழுந்து எடுக்குறவளுக சிரிப்பாளுக."

"அதுக்கு, நடக்குறதுக்கு பஸ் புடிச்சு ஹட்டனுக்கு வரணுமா?"

"இங்க என்னைய யாருக்குத் தெரியும்?"

"அதாங்க எனக்குப் பயம். இப்பக்கூட நுவரெலியா பஸ்ல ஏறப் போனீங்க. நான் கையப் புடிச்சு இழுக்கலேன்னா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப நாளைக்கும் கூட வா, புள்ள."

"வர்றேன். ஆனா நம்ம தோட்டத்துல. சிரிக்கிறவளுக சிரிக்கட்டும்."

நேற்று மாலை எங்கள் தோட்டத்து மைதானத்தில் அம்மாவை அழைத்துப் போய் முதல் சுற்றை நடந்துவிட்டேன். நிறையப் பேர் சிரித்தார்கள்.