படம் ரெண்டில் ஒரு வட்டம்

…வட்டமாம் சார், வட்டம்! ஒருத்தன் பன்னெண்டு வருஷம் மண்டையப் பிச்சுக்கிட்டு ஒரு மோட்டார் காயில் கண்டுபிடிச்சு எழுதிக் குடுத்தா, அதுல அந்த அம்மா கண்ணுல பட்டது வட்டம்! கொஞ்சம் தள்ளி உக்காருங்க… ஆங், போதும். அந்தப் பக்கம் ரொம்ப சாயாதீங்க, பெஞ்சுக்கு ஒரு காலு ஆடுது. இதுக்குப் பேரு பேட்டண்ட் ஆபீசு! ஊர்ல இருக்கற புது யோசனையெல்லாம் இங்கதான் வந்து குவியுது. ஒரு பெஞ்சுக் காலை நிமுத்தறதுக்கு ஒருத்தனுக்கும் யோசனை வரலை.

உங்க டோக்கன் எத்தனை? எழுபத்தி மூணா? நமக்கு அறுபத்தி நாலு. போர்டுல என்ன எரியுது… நாப்பத்தி ஒண்ணு. கிழிஞ்சுது போங்க! சாவகாசமாப் பேசிக்கிட்டு இருக்கலாம்.

ஆனா நான் பேசக் கூடாது. அதான் கொடுமையே. எங்க வீட்டம்மா காலையில என் சட்டைப் பையில ஆறு புளிப்பு மிட்டாய் போட்டு அனுப்பினா. "கவுண்ட்டர்ல இந்தக் கவரக் குடுத்து, அவங்க அது மேல தேதி முத்திரை குத்துற வரைக்கும் வாயில ஒரு மிட்டாய் கெடக்கணும். வாயத் தொறந்தீங்க, தெரியும் சேதி"ன்னா. நானும் சரி சரின்னுதான் கெளம்பினேன். ஆறையும் பஸ்லயே கடிச்சு முழுங்கிட்டேன் சார். சப்பிக்கிட்டு உக்காந்திருக்க எனக்குப் பொறுமை கெடையாது.

நான் காயில் கட்டுறவன். மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா தூக்கிட்டு வந்து போடுவாங்கல்ல? கருகின கம்பிய வெட்டி எடுத்துட்டு, புதுக் கம்பி சுத்திக் குடுக்கறது. முப்பது வருஷமா இதேதான். ஒவ்வொரு மோட்டார் மேலயும் ஒரு தகடு இருக்கும், பாத்திருப்பீங்க. அதுல கம்பெனி பேரு இருக்கும். உள்ள ஓடறது பூரா என் கை, மேல அவன் பேரு! எத்தனை ஆயிரம் மோட்டார் சார்… ஒண்ணுலயாவது என் பேரு உண்டா? எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். சர்க்கார் முத்திரை போட்டு ஒரு தாளு. "இதைக் கண்டுபிடிச்சவன் இன்னான்"னு அதுல ஒரே ஒரு வரி. கடையில சட்டம் போட்டு மாட்டி, தெனம் காலையில கடை தொறந்ததும் ஒரு தடவை பாத்துக்கணும். அவ்வளவுதான் என் ஆசை. தப்பா, சொல்லுங்க? …இருங்க இருங்க, இதை முடிச்சிடறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க.

காயில் ஏன் எரியுது? சூடு! கம்பிய அடுக்கு அடுக்கா ஒண்ணு மேல ஒண்ணு சுத்தறோம். நடுவுல மாட்டின அடுக்குக்கு மூச்சு விட வழியில்லை, நெரிசல் பஸ்ல நடுவுல நிக்கறவன் மாதிரி. நான் என்ன பண்ணேன், ஒரு அடுக்கு சுத்தினதும் அது மேல எட்டு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பிய வரிசையா வெச்சேன். அதுக்கு மேல அடுத்த அடுக்கு. எல்லாம் சுத்தி, வார்னிஷ் ஊத்தி, காஞ்சதும் ஸ்போக்ஸை ஒண்ணொண்ணா உருவிட்டேன். உருவின எடத்துல ஓட்டை, ஓட்டையில காத்து! எங்க வீட்டுத் தண்ணி மோட்டார்ல போட்டுப் பாத்தேன், நாள் பூரா ஓடிச்சு, மேல கை வெச்சா கன்னத்துல கை வெச்ச மாதிரி வெதுவெதுப்பு. அன்னிக்கு நான் அழுதுட்டேன் சார். வெக்கமில்லாம சொல்றேன், மோட்டாரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதேன். எங்க வீட்டம்மா பயந்து போயி மெயின் சுவிட்சை அணைச்சுட்டா.

சரின்னு எழுதிப் போட்டேன் விண்ணப்பம். ரெண்டு வருஷம் பேச்சு மூச்சு இல்லை. அப்புறம் வந்துது ஒரு கடுதாசி, பரிசோதனை அறிக்கையாம். ஒரு அம்மா பரிசோதிக்கறாங்க. நல்ல அம்மாதான், கண்ணாடி போட்டு, அமைதியா. ஆனா கேள்வி இருக்கே! நான் என்ன எழுதியிருந்தேன்… "கம்பியை அழகாகச் சுத்தவும்"னு எழுதியிருந்தேன். அந்த அம்மா கேக்கறாங்க, அழகுன்னா எத்தனை மில்லிமீட்டர்? "ஓரளவு இறுக்கமாக"ன்னு எழுதியிருந்தேன். அது எந்த அளவு? "அனுபவத்தில் தெரியும்"னு எழுதியிருந்தேன். யாரோட அனுபவத்துல? ஏங்க, கல்யாணம் பேசும்போது எங்க மாமனார் கூட என்னை இவ்வளவு கேக்கலை!

என்ன, போர்டைப் பாக்கறீங்க? அட அது ஓடிக்கிட்டு இருக்கும், விடுங்க. வட்டத்துக்கு வரேன்.

அறிக்கையில கடைசி கேள்வி. "படம் இரண்டில் காயிலின் வலப்புறம் ஒரு பெரிய வட்டம் உள்ளது. அதற்கு எண் தரப்படவில்லை. அது எந்தப் பாகம்?" நான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கறேன். வட்டம் இருக்கு, என்னன்னு தெரியலை. எங்க வீட்டம்மா எட்டிப் பாத்தா. "டீ டம்ளர் வெச்ச கறை"ன்னா. படம் போடும்போது நான்தான் மேல வெச்சிருக்கேன்! அதை அப்படியே எழுதிடலாம்ல? "மன்னிக்கவும், டீ"ன்னு ரெண்டே வார்த்தை. எனக்கு மானம் போற மாதிரி இருந்துது சார். படிச்ச அம்மா, நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க? அதனால பதில் எழுதினேன், "எண் ஒன்பது: வட்டம்." அதோட விட்டேனா? "காற்றோட்டத்திற்கு உறுதுணையாக"ன்னு சேத்துட்டேன்.

போச்சு. அடுத்த அறிக்கை பூரா வட்டம்தான்! வட்டம் எந்தப் பொருளால் ஆனது? காயிலைத் தொடுகிறதா? படம் மூன்றில் ஏன் வட்டம் இல்லை? நான் ராவும் பகலுமா உக்காந்து இல்லாத வட்டத்துக்கு வெளக்கம் எழுதறேன். ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, ஒருவேளை அப்படி ஒரு வளையம் போட்டா நல்லா இருக்குமோன்னு. தகரத்துல வெட்டி மாட்டியும் பாத்தேன். மோட்டார் கத்துச்சு பாருங்க… பக்கத்து வீட்டுக்காரர் கதவத் தட்டிட்டாரு.

கடைசியா நேர்ல கூப்பிட்டாங்க. போன மாசம், இதே கட்டடம், ரெண்டாவது மாடி. அந்த அம்மா என் கோப்பைத் தொறந்து வெச்சுக்கிட்டு மெதுவாத்தான் சொன்னாங்க. "ஐயா, ஸ்போக்ஸ் வெச்சு ஓட்டை விடறது ஏற்கெனவே ஊருக்குத் தெரிஞ்ச விஷயம். நீங்க விண்ணப்பம் போடறதுக்குப் பதினோரு நாள் முன்னாடியே ஒரு மெக்கானிக் மாசப் பத்திரிகையில வந்திருக்கு. தேடிப் பாத்தா உங்க விண்ணப்பத்துல யாரும் இதுவரைக்கும் சொல்லாதது ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு… அந்த வட்டம்"னாங்க.

எனக்குத் தலை சுத்திடுச்சு சார். திருட்டுப்பய! எவனோ என் யோசனையத் திருடிப் பத்திரிகையில போட்டிருக்கான்! "யாரு அவன், பேரச் சொல்லுங்க, உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்"னு குதிச்சேன். அந்த அம்மா பத்திரிகைய என் முன்னாடி நகத்தி வெச்சாங்க. வாசகர் யோசனைன்னு ஒரு ஓரத்துல, சின்னதா. "பல் டாக்டரிடம் காத்திருந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர் எனக்குச் சொன்ன முறை இது…" பெரியவராம்! எனக்கு அப்போ நாப்பத்தொம்போது வயசு!

என்னங்க, ஏதோ சொல்ல வந்தீங்களே? …ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், முக்கியமான எடத்துல இருக்கேன்.

அப்புறந்தான் ஞாபகம் வந்துது. கடவாப் பல்லு வலி. நான் போனப்போ பக்கத்துல ஒருத்தன், இந்தக் கன்னம் இவ்வளவு வீங்கி, துண்டால கட்டிக்கிட்டு உக்காந்திருந்தான். பேச முடியாது, தலைய மட்டும் ஆட்டினான். நல்லாக் கேட்டான் சார் பாவம். இப்ப நீங்க கேக்கறீங்களே, அதே மாதிரி. ரெண்டு மணி நேரம் பேசினேன். டாக்டரோட மருந்துச் சீட்டைத் திருப்பி வெச்சுப் படமே போட்டுக் காட்டினேன். அவன்தான் எழுதியிருக்கான். திருட்டுப்பயன்னு சொல்லிட்டேன்ல… அவன் திருடலை. கடைசி வரிய ரெண்டு தடவை படிச்சேன். "அவ்வளவு பெரிய யோசனையைச் சொன்ன அந்த நல்ல மனிதரின் பெயரைப் போட ஆசைப்பட்டேன். மூன்று முறை கேட்க முயன்றேன். அவர் இடம் கொடுக்கவில்லை."

எடம் குடுக்கலையாம். மூணு தடவை அவன் வாயத் தொறந்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பல்லு வலியில மொனகறான்னு நெனச்சேன்.

எங்க வீட்டம்மா சிரிச்சாளா, அழுதாளான்னு கேக்காதீங்க. "நுணலும் தன் வாயால் கெடும்"னு ஆரம்பிச்சவதான், இன்னும் நிறுத்தலை. பால் ஊத்தும்போது நுணல், துணி காயப்போடும்போது நுணல்.

ஆனா அந்த அம்மா நல்ல அம்மான்னு சொன்னேன்ல? என் மூஞ்சியப் பாத்துட்டு, "இந்தக் காயில்ல வேற ஏதாவது புதுசா செஞ்சிருந்தா தனி விண்ணப்பமாப் போடுங்க ஐயா. ஆனா ஒண்ணு, எங்க முத்திரை விழற வரைக்கும் ஒரு ஆளுகிட்டயும் மூச்சு விடக் கூடாது. நீங்களே சொன்னாலும் வெளிய போனது வெளிய போனதுதான்"னாங்க. நான் விடுவேனா! வீட்டுக்கு வந்து ஒரு மாசம் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தேன். கண்டுபிடிச்சுட்டேன் சார். இதோ, இந்தக் கவருக்குள்ள இருக்கு. என் வீட்டம்மாகிட்ட கூட சொல்லலை. எனக்கே நான் சத்தமாச் சொல்லிக்கலை!

உங்ககிட்ட சொன்னா என்ன? வந்ததுலேர்ந்து பாக்கறேன், ஒரு வார்த்தை பேசலை நீங்க. உங்ககிட்ட சொன்னா கெணத்துல போட்ட கல்லு. காதக் குடுங்க… ஸ்போக்ஸை நேரா வெச்சாத்தானே பழசு? நான் சாய்ச்சு வெச்சேன்! இருபத்திரெண்டு டிகிரி. ஓட்டை சாய்வா இருந்தா சூடு தானா மேல ஏறி வெளிய போகும், கீழேருந்து குளிர்ச்சி உள்ள வரும். புகைபோக்கி கணக்குதான்! இருபத்தஞ்சு வெச்சேன், கம்பி சரியுது. பதினெட்டு வெச்சேன், காத்து தூங்குது. இருபத்திரெண்டு! பாருங்க, இப்படி… இந்த விரலு கம்பி, இந்த விரலு ஸ்போக்ஸ்…

யோவ்! என்ன எழுதறீங்க?

எழுதாதீங்க சார்! பேனாவ மூடுங்க! நல்ல மனுஷனேன்னு நம்பிச் சொன்னா, பக்கத்துல உக்காந்துக்கிட்டு நோட்டுல குறிக்கறீங்களா? குடுங்க அந்தத் தாளை! குடுங்கன்னா குடுங்க! மறுபடியும் எவனோ பத்திரிகையில… பெரியவர்னு போட்டு… எங்க என் கண்ணாடி… ஆங், என்ன எழுதியிருக்கீங்க…

"ஐயா, உங்க நம்பர் போயி ரொம்ப நேரமாச்சு. மூணு தடவை கூப்பிட்டாங்க. நானும் சொல்லப் பாத்தேன்."

…

அறுபத்தி நாலா? போர்டுல… எழுபத்திரெண்டு. நாப்பத்தி ஒண்ணு இருந்துச்சே! இப்பத்தானே இருந்துச்சு! அப்போ நீங்க போர்டப் பாத்தது… வாயத் தொறந்தது… அய்யோ. கையப் புடிச்சு இழுத்திருக்கலாம்ல சார்? …இழுத்தீங்களா? நான் தட்டி விட்டேனா?

வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி ஒடைஞ்ச கதையாப் போச்சே. இனி புது டோக்கன் வாங்கினா நூத்திப் பத்துக்கு மேல. இன்னிக்கு முத்திரை விழாது. அது போவுது, நாளைக்கு வரலாம், ஆனா… சார், நான் அந்த டிகிரியச் சொல்லலைல்ல? சாய்வுன்னு மட்டுந்தானே சொன்னேன்? ஏன் தலையக் குனியறீங்க? சொல்லிட்டேனா? பின்னாடி பெஞ்சுல ஏன் அந்த நாலு பேரும் கையச் சாய்ச்சு சாய்ச்சுப் பாத்துக்கிட்டு இருக்காங்க?

போன தடவை பல்லு வலிக்காரன் ஒருத்தன்தான். இந்தத் தடவை ஒரு ஹாலையே கூட்டி வெச்சு சொல்லியிருக்கேன். யாரைத் திட்டறது நான்? வீட்டுக்குப் போயி அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்? ஆறு மிட்டாய் சார். வாயில ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருந்திருந்தா இந்த கதி வருமா?

என்ன… எந்திரிக்கறீங்க? எழுபத்தி மூணா? ஆமா, உங்க நம்பர்தான். போங்க, போங்க, நீங்களாவது காலா காலத்துல முத்திரை குத்திக்கிட்டு வாங்க. நல்லா இருங்க.

சார்… சார், ஒரு நிமிஷம்! ஓடாதீங்க! நான் இனிமே பேச மாட்டேன், சத்தியமா. நாளப்பின்ன யாருகிட்டயாவது இந்த இருபத்திரெண்டைச் சொல்லுவீங்க, சொல்லாம இருக்க முடியாது, எனக்குத் தெரியும். போறதுதான் போறீங்க… என் பேரு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க சார்!