மூக்குமேல் ஒரு சொட்டு வெள்ளை

— யாருடா அது ஏணியில ஏறி வர்றது? பேயா, பெயிண்டரா?

— நான்தான் மாமா.

— மச்சானா! தலையில துண்டு போதாதுன்னு இன்னைக்கு மூஞ்சியிலயும் பட்டி... சுவருக்குப் பூசச் சொன்னா சொந்தக் கன்னத்துலயா பூசுவ?

— பட்டி இல்ல. சன்ஸ்கிரீன். வெயில் தோலைக் கெடுக்காம இருக்க.

— உன் பொண்ணுக்குப் பால்பல்லு விழுந்தாச்சு. இப்ப யாரு உன்னைப் பொண்ணு பார்க்க வரப்போறாங்க?

— அழகுக்கு இல்ல மாமா. முகம், காது, கழுத்து... தினமும் காலையில பூசணும்.

— தினமுமா!

— மேகம் போட்டிருந்தாலும்.

— மழை பெஞ்சா? குடைக்கும் ஒரு கை பூசிடுவியா?

— சிரிங்க. மத்தியானம் இன்னொரு தடவையும் பூசணும்.

— ஓஹோ, ரெண்டு கோட்டு! நடுவுல உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பியா?

— மாமா, சாரம் ஆடுது. சிரிக்கிறதா இருந்தா உட்கார்ந்து சிரிங்க.

— எங்கப்பா இருந்திருந்தா உன்னைப் பார்த்து சாரத்தோட விழுந்திருப்பார். தண்ணித்தொட்டிக்கு வெளிப்பூச்சு அடிச்ச மனுஷன்டா அவர். உச்சி வெயில்ல சட்டையைக் கழட்டினார்னா சூரியன் கூச்சப்பட்டு மேகத்துக்குள்ள போயிடும். ஒரு நாள் பனியனையும் கழட்டிட்டார்... ரெண்டு மணிக்கே இருட்டிடுச்சு. கோழியெல்லாம் கூண்டுக்குப் போயிடுச்சு.

— போன தடவை மூணு மணின்னீங்க.

— இருட்டுல எவன்டா மணி பார்த்தான்?

— சரி, சூரியனையே விரட்டினவர் மூஞ்சி கடைசியில எப்படி இருந்துச்சு?

— அனுபவசாலி மூஞ்சி! நெத்திச் சுருக்கத்துல பென்சிலைச் செருகி வைப்பார். குனிஞ்சாலும் விழாது, தும்மினாலும் விழாது. கன்னத்து மடிப்புல சில்லறை வச்சுக்குவார்.

— அதைத்தான் மாமா நானும் சொல்றேன்...

— என்ன சொல்ற? எனக்குச் சட்டைப் பை இருக்கு.

— நேத்து ஹெட்மாஸ்டர் கேட்டாரே, உள்சுவருக்கு மிச்சமான பெயிண்டையே வெளிச்சுவருக்கும் அடிச்சா என்னன்னு. என்ன பதில் சொன்னீங்க?

— கேட்டதுக்குச் சொன்னேன். "ஐயா, வெயில் படுற சுவருக்கு வெயில் தாங்குற பெயிண்டு. இல்லேன்னா வெளுக்கும், வெடிக்கும், தோல் தோலா உரியும்"னு.

— என்னது உரியும்?

— தோல்... பெயிண்டுத் தோல்டா!

— உங்க மூக்கு உள்சுவரா, வெளிச்சுவரா?

— என் மூக்கு கருங்கல். கருங்கல்லுக்கு எவனும் பெயிண்ட் அடிக்கிறதில்ல. நம்ம நிறத்தைப் பாரு... கறுப்புக்கு வெயில் சொந்தக்காரன்டா. சொந்தக்காரன் நம்மளை என்ன பண்ணிடுவான்?

— சொந்தக்காரனாச்சேன்னுதான் கதவைத் தாழ்போடாம விடுறோம்.

— வாயைப் பாரு வாயை! ரோலரை எடு.

— எடுக்கிறேன். ஆமா... இன்னைக்கு நாம என்ன கலர் அடிக்கிறோம்?

— கண்ணும் போச்சா? நீலம்.

— நேத்து?

— நீலம். முந்தாநாளும் நீலம். இந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்களுக்கு வேற கலரே தெரியாது. ஏன்?

— உங்க மூக்குமேல வெள்ளை இருக்கு.

— ...பிரைமர்.

— பிரைமர் வேலை முடிஞ்சு, காலி டப்பாவுல அக்கா செடியே வச்சாச்சு.

— அப்ப காக்கா.

— தினமும் ஒரே இடத்துலயா?

— குறி தவறாத காக்கா.

— ஞாயித்துக்கிழமை வீட்டுக்குள்ள சாப்பிட உட்கார்ந்தப்பவும் இருந்துச்சே? காக்கா கூடவே வந்து பந்தியில உட்கார்ந்ததா? இருங்க, துடைச்சு விடுறேன்.

— தொடாத! டேய்! சாரத்துல நிக்கிறவனைத் தொடாத!

— ஒரு கையில கயிறு, ஒரு கையில மூக்கு. ரோலரை எந்தக் கையால பிடிப்பீங்க? அட... என்ன மாமா, ரோஜா மணக்குது? எந்தக் கடையில விக்கிறான் இந்தப் பிரைமர்?

— மெதுவாப் பேசுடா... கீழ ஆள் நிக்குது. உங்கக்கா கிரீம் டப்பாவுல இருந்து ஒரு விரல் எடுத்தேன். அவ பூசுறதும் நீ பூசியிருக்கிறதும் ஒண்ணுதான்.

— சன்ஸ்கிரீனா! இவ்வளவு நேரம் என் மூஞ்சியை வச்சு...

— மூக்குக்கு மட்டும்தான்டா!

— ஏன், கன்னம் என்ன பாவம் பண்ணுச்சு?

— கன்னத்துலதான் ஒண்ணும் இல்லையே.

— ...அப்ப மூக்குல?

— ரோலரை எடு, பெயிண்ட் காயுது.

— மாமா. மூக்குல என்ன?

— பரு.

— இந்த வயசுலயா?

— இளமை திரும்புதுன்னு வச்சுக்கோ.

— எப்ப வந்துச்சு?

— மழைக்கு முன்னாடி.

— மழை வந்து, போயி, தூசியும் கிளம்பிடுச்சு. பரு போகல?

— பொருக்குத் தட்டும். உதிரும். மூஞ்சி துடைக்கும்போது லேசா ரத்தம் வரும். மறுபடி பொருக்கு. வந்தா கிளம்பமாட்டேங்குது... உங்க வீட்டு ஆளுங்க மாதிரி.

— வலிக்குதா?

— வலிச்சா பயந்திருப்பேன்ல? வலிக்கலயே.

— டாக்டர்கிட்ட...

— கிரீம்தான் பூசுறேனே! நீதான இப்ப அதுக்குப் பாட்டுப் பாடின?

— ஈரம் ஊறி ஓதம் பிடிச்ச சுவரைச் சுரண்டாம, மேலாப்புல பெயிண்ட் அடிச்சுட்டுப் போறவனை நீங்க என்னன்னு சொல்லுவீங்க?

— அது சுவருடா.

— நான் ஒரு தடவை அப்படி அடிச்சப்ப என்னைத் திட்டினீங்களே, ஏணியில இருந்து இறங்கி வந்து, ஊரே பார்க்க? என்ன சொல்லித் திட்டினீங்க?

— ...திருட்டுப்பயன்னு.

— அதுக்கப்புறம்?

— உள்ளுக்குள்ள செங்கல்லைத் தின்னுக்கிட்டிருக்கும்டா, நீ வெளிய பூசி மறைக்கிறேன்னு.

— கிரீம் நல்ல சுவருக்கு மாமா. ஓதத்துக்கு இல்ல. அது என்னன்னு டாக்டர் பார்க்கட்டும். சுரண்டணும்னா சுரண்டட்டும்.

— எதை, மூக்கையா? அப்புறம் கண்ணாடியை எதுல மாட்டுவேன்? ஆணி அடிச்சா?

— முழு மூக்கும் இல்ல. ஒரு துணுக்கு. மரத்துப்போக ஊசி போட்டுடுவாங்க. சீக்கிரம் போனா தழும்புகூடத் தெரியாது.

— கத்தி என்னமோ உன் மாமியார் வீட்டுப் பண்டம் மாதிரி பேசுற! டாக்டரா நீ? உனக்கு என்னடா தெரியும்?

— தெரியும்.

— எப்படி?

— போன மாசம் ஒரு வாரம் வேலைக்கு வரலயே... எங்க போயிருந்தேன்?

— சிநேகிதன் கல்யாணத்துக்கு. ஒரு வாரம் எவன்டா கல்யாணம் பண்ணுவான்னு கேட்டேன், மாப்பிள்ளை நிதானமான ஆளுன்ன. போயிட்டு வந்ததுல இருந்து இந்தத் துண்டும் ஒரு கோலமும்... தூங்கும்போதாவது அவுப்பியா?

— இப்ப அவுக்கிறேன். கயிறைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. காதைப் பாருங்க.

— டேய்... மேல் ஓரத்தைக் காணோமேடா! தோசையைப் பிச்ச மாதிரி... யாருடா கடிச்சது?

— உங்க சொந்தக்காரன்தான் மாமா. நானும் பருன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தேன்; டாக்டர் தோல் புத்துநோய்னு வெட்டி எடுத்தார். இறங்குங்க... கீழ நிக்கிற ஆள் அக்காதான். உங்க மூக்கை அவ அப்பவே கவனிச்சுட்டா; டாக்டர்கிட்ட உங்க பேரைக் கொடுத்துட்டு, வண்டியோட வந்திருக்கா.