எஸ்மியின் ஃபைலும் நான் திருடாத வெள்ளிக் கோப்பையும்

பெயர்: கத்பர்ட் ரெயின். வயது: அறுபத்தொன்று. தொழில்: ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். முகவரி: 14, மில் பேங்க், ஹாக்ஸ்லா, நார்தம்பர்லேண்ட். பதிவு செய்தவர்: சார்ஜண்ட் தெர்ல்வெல். நாள்: மார்ச் மாதம், வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம்.

நான் மேற்படி முகவரியில் முப்பது வருடமாகத் தனியாகக் குடியிருந்து வருகிறேன். ஹாக்ஸ்லா லீக்ஸ் வளர்ப்போர் சங்கத்தின் உறுப்பினர். என் தோட்டத்தில் விளையும், வெங்காயத்தாளுக்கு அண்ணன் முறையான லீக்ஸ் தண்டு ஒவ்வொன்றும் மாதா கோயில் தூண் பருமன் இருக்கும். சார்ஜண்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்ததன்பேரில், என் முன்கைப் பருமன் என்று திருத்திக்கொள்கிறேன்.

எஸ்மி டாட்ஸ் என் தங்கை மகள். வயது பதினேழு. பள்ளியின் கடைசி வருடத்தில் ஆங்கில மொழியும் இலக்கியமும் எடுத்துப் படிக்கிறாள். அந்தப் பாடத்துக்காக ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். பழைய நாவல் ஒன்றில் கதை சொல்பவன் எப்படிச் சொல்கிறான், நிஜத்தில் ஒரு மனிதர் வாயால் எப்படிச் சொல்கிறார் என்று ஒப்பிடுவது அவள் எடுத்துக்கொண்ட பொருள். நிஜ மனிதராக, இந்த நாடு முழுவதும் சல்லடை போட்டுத் தேடி, என்னைத் தேர்ந்தெடுத்தாள். வினவியதன்பேரில், வேறு யாரையும் அவள் தேடவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

கடந்த அக்டோபர் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு என் சமையலறையில் தேநீர்க் கெண்டிக்குப் பக்கத்தில் அவள் ஃபோனை வைத்துப் பதிவைத் தொடங்கினாள். உடனே நான் வானொலிச் செய்தி வாசிப்பவர் குரலில் பேச ஆரம்பித்தேன். எஸ்மி, “யாரு மாமா செத்துட்டாங்க? எப்பவும் போலப் பேசு மாமா. இத வச்சு ரெண்டு பக்கம்கூடத் தேறாது” என்றாள். அதன் பிறகு பிஸ்கட்டைத் தின்னாமல் ஓரத்தை மட்டும் உதிர்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகு நான் பின்வரும் பொய்யைச் சொன்னேன்.

ஒன்பது வருடங்களுக்கு முன் லீக்ஸ் போட்டி நாளன்று சங்க மண்டபத்தின் சமையலறையிலிருந்து பரிசுக் கோப்பை காணாமல் போனது. வெள்ளிக் கோப்பை. அதை எடுத்தவன் நானே என்றும், ஏழாம் எண் பேருந்தில் என் இருக்கைக்கு அடியில் வைத்துக் கடத்தினேன் என்றும், ஆற்றில் இறக்கி, காவலுக்கு ஒரு நீர்நாயைப் பழக்கி வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன். எஸ்மி சிரித்தாள். ஆகவே ஒரு பிஷப்பையும் உடந்தையாகச் சேர்த்தேன். அதன் பிறகு நாற்பது நிமிடம் பேசினேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை எஸ்மி, என் பேச்சை எழுதிச் சேர்த்த கட்டுரை ஃபைலைப் பேருந்தில் மறந்து வைத்துவிட்டாள். அதை எடுத்தவர் ஆல்பி ஸ்டாப்ஸ். கோப்பை காணாமல் போன வருடம் முதல் பரிசு வென்றவர் அவர்தான். அவர் அதைப் படித்துவிட்டு நேராக இந்த நிலையத்துக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு ஃபைலும், மறுநாள் எஸ்மியின் ஃபோனும் சாட்சிப் பொருளாக எடுக்கப்பட்டன. இரண்டு காவலர்கள் என் தோட்டத்தைத் தோண்டினார்கள். நீர்நாய் எதுவும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில், கோப்பையைத் திருடியவன் என்ற புகழால், மதுக்கடையில் எனக்குத் தனி நாற்காலி போட்டார்கள். நான் எதையும் மறுக்கவில்லை. புதன்கிழமை ஸ்டாப்ஸ் அங்கே வந்து, “ஒன்பது வருசம்டா கத்பர்ட். ஒரே ஒரு தடவ கையில தூக்கிப் பாக்க விடலியே” என்றார். “நீ தூக்கியிருந்தா இடுப்பு போயிருக்கும்டா ஆல்பி, அதான் காப்பாத்தினேன்” என்றேன். கடை முழுதும் சிரித்தது. ஸ்டாப்ஸ் குல்லாவை எடுத்துக்கொண்டு, குடித்து முடிக்காமல் போய்விட்டார்.

நேற்று மாலை எஸ்மி என் வீட்டுக்கு வந்தாள். கட்டுரையும் ஒலிப்பதிவும் இன்று பகல் பன்னிரண்டுக்குள் ஆசிரியையிடம் சேராவிட்டால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் கிடையாது என்றும், பல்கலைக்கழக இடமும் போய்விடும் என்றும் சொன்னாள். புதிதாக ஒன்று எழுதலாமே என்றேன். “நாலு நிமிசப் பேச்ச எழுத்துல இறக்கவே ஒரு வாரம் ஆச்சு மாமா. நீ திருடல. அத அங்க போய்ச் சொல்லு, போதும்” என்றாள்.

திருடவில்லை என்றால் அன்று எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டும். சங்கத்தின் அளவு நாடா கோணல் என்பதால் போட்டியைப் புறக்கணித்தேன் என்று இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது உண்மையல்ல. என் லீக்ஸ் இலைகளில் துரு நோய் விழுந்து, போட்டிக்கு வைக்க ஒன்றுகூடத் தேறவில்லை. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. துரு என்றே எழுதிக்கொள்ளலாம். அன்று எட்டு வயது எஸ்மிக்குச் சின்னம்மை. தங்கைக்கு மருத்துவமனையில் வேலை. காலை ஒன்பது முதல் மாலை ஏழு வரை நான் என் வீட்டில் எஸ்மியுடன் இருந்தேன். லீக்ஸ் துடைக்கும் தூரிகையால் இருநூற்றுப் பன்னிரண்டு கொப்புளங்களுக்கு மருந்து தடவி, ஒவ்வொன்றையும் ஒரு தீவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ராஜா வைத்தேன். எண்ணிக்கை மிகையல்ல. பக்கத்து வீட்டு மிஸஸ் ஃபென்விக் மதியம் சூப் கொண்டுவந்தார். அவரை விசாரிக்கலாம்.

அதன் பிறகு சார்ஜண்ட் எஸ்மியின் கட்டுரையை முழுவதும் படித்துவிட்டதாகச் சொல்லி, பதினோராம் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். “பேசுபவர் ஒவ்வொரு பொய்க்கு முன்பும் இரண்டு நொடி நிறுத்தி, தேநீர் உறிஞ்சுகிறார். உண்மைக்கு முன்பு நிறுத்துவதில்லை” என்று அதில் இருந்தது. நான் மேஜையைப் பார்த்தேன். எனக்குக் கொடுத்த தேநீர் பாதியோடு ஆறிப்போயிருந்தது. சார்ஜண்ட் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, “துருன்னு ஆரம்பிச்சதுலேர்ந்து நீங்க ஒரு வாய் குடிக்கல, மிஸ்டர் ரெயின். உங்க மருமக எங்க வேலைல பாதிய முடிச்சிட்டா. மீதிக்கு மிஸஸ் ஃபென்விக்குக்கு ஃபோன் போட்டுக்கறேன்” என்றார். மிஸஸ் ஃபென்விக் சூப்பை உறுதி செய்தார். மட்டன் சூப் என்றும் சொன்னார்.

அதே பக்கத்தின் அடுத்த வரி, நான் கேட்டுக்கொண்டதன்பேரில், இங்கே சேர்க்கப்படுகிறது. “எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்த நிறுத்தம் தெரியும். அந்த இரண்டு நொடியில் யாரும் குறுக்கே பேச மாட்டோம்.” இதைக் குறித்து ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று சார்ஜண்ட் கேட்டார். அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கும்படி கேட்டுக்கொண்டேன்.

பதினொன்று பத்துக்கு ஃபைலும் ஃபோனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எஸ்மியிடம் ஒப்படைக்கப்பட்டன. அவள் பள்ளியை நோக்கி ஓடியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இந்த வாக்குமூலத்தின் நகலை, துரு நோய் பற்றிய பகுதி உட்பட, ஆல்பி ஸ்டாப்ஸிடம் கொடுக்க எனக்கு ஆட்சேபணை இல்லை. நானே கொண்டுபோய்க் கொடுக்கவும் தயார்.

இதில் உள்ளவை நான் சொன்னவை. எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டப்பட்டன. ஒரு சொல்லையும் பெரிதாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) கத்பர்ட் ரெயின்